சம்பளம் முதலில், சிநேகம் அடுத்தது: நேபாள ஊழியப் பயணத்தில் உள்ளூர் உதவியாளர்களோடு பழகுவது எப்படி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சபைகளிலிருந்து நேபாளத்துக்கு ஊழியப் பயணம், அதாவது அங்கேயுள்ள கிறிஸ்தவ சபைகளுக்கு உதவப் போகும் குழு, கிளம்பும் முன் கூடும் கூட்டங்களில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடும். கிட்டார் யார் எடுத்து வருவது, விபிஎஸ் எனும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சாமான் எத்தனை பெட்டி, ஸ்வெட்டர் எங்கே மலிவு, கோரக்பூர் வரை ரயிலா, காத்மாண்டுக்கே விமானமா. அங்கே போய் இறங்கியதும் பத்து நாளும் நம்மைக் கூட்டிக்கொண்டு அலையப் போகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இருக்காது. மொழிபெயர்க்கிற அண்ணன், ஜீப் ஓட்டுகிறவர், விடிகாலையில் அடுப்பு மூட்டுகிற அம்மா, மேட்டில் மூட்டை தூக்கி வருகிற பையன். ஊர் திரும்பி நாம் சொல்லும் சாட்சியில் முக்கால்வாசி அவர்கள் செய்த வேலை.

இவர்களோடு சிநேகம் தானாக வரும் என்று விட்டால் வரத்தான் செய்யும். மூன்று மாதத்தில் போயும்விடும். நிலைக்க வேண்டுமானால் பணம், நேரம், ஆபத்து ஆகிய மூன்றையும் முதல் நாளே வாய்விட்டுப் பேசி முடிக்க வேண்டும். "ஊழியம்தானே, காசைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்குமா" என்று கூச்சப்படுகிற குழுதான் கடைசி நாளில் முகம் பார்க்க முடியாமல் நிற்கும்.

உள்ளூர் ஆள் இல்லாமல் வெளியூர் ஊழியம் இல்லை என்பது கடலூர்க்காரர்களுக்குப் பழைய சங்கதி. தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக, அதாவது போதகருக்கு உதவியாக வேதம் கற்பிக்கிறவராக இருந்து, 1733 டிசம்பரில் முதல் இந்திய லுத்தரன் போதகராகக் குருப்பட்டம் பெற்ற ஆரோன் கடலூரில் பிறந்தவர். அன்றைக்கு நாம் இருந்த இடத்தில் இன்றைக்கு நேபாளத்து உதவியாளர் இருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டம் யார் தலையில் விழும்

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேபாள அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, ஒருவரை வேறு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே போகிற குழு, அங்கே இருக்கிற சபை அழைத்து, அந்தச் சபைக்கு உதவியாகப் போகிற குழுவாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்புவது, வேதபாட ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாட்டுப் பயிற்சி, இப்படி. மருத்துவ முகாம் வைப்பதென்றால் நம் டாக்டர்களுக்கு நேபாள மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும்.

கடைத்தெருவில் கைப்பிரதி கொடுத்துவிட்டு நாம் பஸ் ஏறிவிடலாம். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவருக்கு அதே தெருவில்தான் வீடு, அதே கடையில்தான் மளிகைக் கணக்கு. அதனால் போய்ச் சேர்ந்த அன்று மாலையே உள்ளூர் பாஸ்டரையும் மொழிபெயர்ப்பாளரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்: எங்கே சத்தமாக ஜெபிக்கலாம், எங்கே கூடாது, யார் வீட்டுக்குள் போகலாம், எந்த இடத்தில் பைபிளைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு சைகையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டினால் பேச்சை நிறுத்தி இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஏன், எதற்கு என்று அந்த இடத்தில் கேட்கக் கூடாது. ஜீப்பில் ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். "விசுவாசம் இருந்தால் பயம் எதற்கு" என்று அவரிடம் பேசுகிறவரை அடுத்த பயணத்துக்கு அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

வணக்கம் சொல்வதிலும் இது உண்டு. நேபாள விசுவாசிகள் ஒருவருக்கொருவர் "ஜெய்மசீ" என்பார்கள், நாம் "ஸ்தோத்திரம்" என்பது போல. சபைக்குள் அது சரி. கடைத்தெருவில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தூரத்திலிருந்தே "ஜெய்மசீ" என்று கத்தினால், அவர் யார் என்பதை அந்தத் தெருவுக்கே நாம் அறிவித்ததாகிவிடும். வெளியே "நமஸ்தே" போதும்.

டிரைவரும் மூட்டை தூக்குகிறவரும் பெரும்பாலும் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். அவர்கள் வண்டி ஓட்ட வந்திருக்கிறார்கள். பத்து நாளும் முன் சீட்டில் மாறி மாறி உட்கார்ந்து அவருக்கு உபதேசம் செய்வது நட்பும் ஆகாது, சட்டப்படியும் அபாயம். பிள்ளைகள் படிப்பு, வண்டியின் கிளட்ச், மலைச்சாலை என்று பேச ஆயிரம் விஷயம் இருக்கிறது.

சம்பளப் பேச்சு

இந்திய ரூபாய் 100க்கு நேபாள ரூபாய் 160. இது நிலையான மதிப்பு. அங்கே ஜனங்கள் இந்தியப் பணத்தை "ஐ.சி." என்றும் நேபாளப் பணத்தை "என்.சி." என்றும் சொல்வார்கள். சண்டை ஆரம்பிக்கும் இடமே இதுதான். "ஒரு நாளைக்கு 2,000" என்று பேசி முடித்திருப்போம். நாம் என்.சி. என்று நினைத்திருப்போம், அதாவது நம் பணத்தில் 1,250. அவர் ஐ.சி. என்று எண்ணியிருந்தால் அவர் கணக்கில் 3,200 என்.சி. பத்து நாளில் வித்தியாசம் 12,000 என்.சி. யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் ஏமாந்த மாதிரிதான் இருக்கும்.

ஆகவே தொகையைச் சொல்லும்போதெல்லாம் கூடவே என்.சி. என்று சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். பெயர், வேலை, ஒரு நாள் சம்பளம், எத்தனை நாள், முன்பணம், சாப்பாடு யார் பொறுப்பு, வேலை முடிந்து அவர் வீடு திரும்ப பஸ் சார்ஜ், வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவு. கடைசி இரண்டும்தான் எல்லோரும் மறக்கிறவை. பத்து நாள் நம்மோடு வந்து மலையில் எங்கோ இறக்கிவிடப்பட்ட ஆள், சொந்தக் காசில் வீடு போய்ச் சேர்கிற நிலை வரக் கூடாது. எவ்வளவு தருவது என்று உள்ளூர்ச் சபையின் பொருளாளரிடம் கேளுங்கள். அந்த ஊர்க் கூலிக்கு இரண்டு மடங்கு கொடுத்தால் நாம் தாராளமானவர்கள் ஆகலாம். நாம் போன பிறகு அந்தச் சபைக்குப் பழைய கூலியில் வேலைக்கு வர ஆள் கிடைக்காது.

சபை இளைஞர்கள் "காசு வேண்டாம் பாஸ்டர், இது ஊழியம்" என்பார்கள். மனசாரத்தான் சொல்வார்கள். அந்தப் பையன் செங்கல் சுமக்கும் வேலையையோ கடை வேலையையோ பத்து நாள் விட்டுவிட்டு வந்திருப்பான். உள்ளூர் பாஸ்டர் அறிய, அந்த நாட்களின் கூலியையாவது கொடுத்துவிட வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பணத்தை என்.சி.யாகக் கொடுங்கள். 100க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு அங்கே நெடுநாள் தடை இருந்ததால் பெரிய நோட்டு வாங்கக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். அதை மாற்றும் அலைச்சல் உதவியாளர் தலையில் விழும். எல்லையிலோ காத்மாண்டுவிலோ மாற்றி, முன்பணத்தை முதல் நாளும் பாக்கியைக் கடைசிக்கு முந்தின நாளும் தீர்த்துவிடுங்கள். கடைசி நாள் மூட்டை கட்டும் அவசரத்தில் ஒருவரை மறந்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. சம்பளத்துக்கு மேல் அன்பளிப்பு கொடுப்பதென்றால் எல்லோருக்கும் கவரில், எல்லோர் முன்னாலும். ஒருவருக்கு மட்டும் கையில் மடித்து வைத்துக் கொடுப்பது அவருக்குச் செய்யும் கெடுதல். இரண்டு நாளில் அது ஊருக்கே தெரிந்துவிடும், மற்றவர்கள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

தேதியிலும் கிழமையிலும் வரும் குழப்பம்

நேபாளத்தில் அன்றாட வழக்கம் பிக்ரம் சம்வத் நாட்காட்டிதான். வருஷப் பிறப்பு நம் சித்திரை முதல் தேதியை ஒட்டியே வரும், ஆனால் அந்த மாதத்தின் பெயர் வைசாக். நாம் அதை வைகாசி என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாதம் தவறும். "5ஆம் தேதி வாருங்கள்" என்று அவர் சொன்னால் அது அவருடைய மாதத்து 5 ஆக இருக்கலாம், நமக்கு அது மாதத்தைப் பொறுத்து 17லிருந்து 22க்குள் ஏதோ ஒரு தேதியாக வரும். ஜீப் பேசும்போதும் கூட்டம் குறிக்கும்போதும் இரண்டு தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வார விடுமுறை சனிக்கிழமை. சபை ஆராதனையும் சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. டிரைவர் ஏழு மணிக்கு வந்து நின்றுகொண்டிருப்பார், நம் ஆள் ஆறே முக்கால்தானே என்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

மொழிபெயர்ப்பாளரைக் களைக்க விடாமல் இருப்பது

பத்து நாளில் அதிகமாகத் தேய்கிறவர் இவர்தான். தமிழிலிருந்து நேரே நேபாளிக்கு மாற்ற ஆள் கிடைப்பது அபூர்வம். தமிழிலிருந்து ஆங்கிலம், அங்கிருந்து நேபாளி; அல்லது தமிழ், இந்தி, நேபாளி. நெய்வேலி என்.எல்.சி.யிலோ பட்டாளத்திலோ இருந்து இந்தி பழகியவர் ஒருவர் குழுவில் இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும், ஏனென்றால் அங்கே இந்தி பலருக்கும் புரியும். 20 நிமிடத் தமிழ்ப் பிரசங்கம் ஒரு மொழிபெயர்ப்பில் 40 நிமிடம், இரண்டு மொழிபெயர்ப்பில் ஒரு மணி நேரம். நேரத்தை அப்படித்தான் கணக்குப் போட வேண்டும்.

மேடையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். நம்மூர்ப் பிரசங்கியார் உச்சத்துக்கு வந்து, "சோதனை வரும், அது வேதனை தரும், அதைத் தாண்டினால் சாதனை" என்று கையை உயர்த்துவார். கடலூரில் என்றால் சபையே அல்லேலூயா என்றிருக்கும். இங்கே ஆங்கிலம் தெரிந்த நம் ஆள் அதை மூன்று வார்த்தையாக்கிச் சொல்வார், நேபாளி அண்ணன் அந்த மூன்றுக்கும் தனித்தனியாக அர்த்தம் சொல்வார், ஜனங்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசங்கியார் சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். வியர்வை வழிவது மொழிபெயர்ப்பாளருக்கு. பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் தானோ என்று அவர் மனதுக்குள் குறுகிப்போவார்.

எதுகை மோனையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு மூச்சில் எட்டுப் பத்துச் சொல், ஒரு முழுக் கருத்து, அதோடு நிறுத்த வேண்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்தக் கூடாது. வினைச்சொல் நமக்கும் நேபாளிக்கும் கடைசியில்தான் வரும், அது வராமல் அவரால் ஆரம்பிக்க முடியாது. எடுக்கப்போகும் வசனங்களை முந்தின இரவே அதிகாரம், வசன எண்ணோடு எழுதிக் கொடுத்தால் அவர் தன் பைபிளில் துண்டுத்தாள் வைத்துக்கொள்வார். மேடையில் நின்று பக்கம் புரட்டும் அவஸ்தை இருக்காது. 45 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு, பக்கத்தில் வெந்நீர். கூட்டம் முடிந்ததும் பிரசங்கியாரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். மொழிபெயர்த்தவரிடமும் ஒருவர் போய் நன்றி சொல்ல வேண்டும்.

பெரிய தப்பு சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது. நம் குழுவில் பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள், அவர் தட்டில் சோறு ஆறிப்போகும். சாப்பாட்டு வேளையில் மொழிபெயர்ப்பு கிடையாது என்று குழுவுக்குள் விதி வையுங்கள். மதியம் ஒரு மணி நேரம் அவருக்கே விட்டுவிடுங்கள். அவர் வீட்டுக்குப் போன் பேசட்டும், சும்மா படுத்திருக்கட்டும்.

கூப்பிடும் முறையும் முக்கியம். நம்மைப் போலவே அவர்களும் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அண்ணனுக்குத் "தாஇ", தர்மம் என்பதில் வருகிற "த". அக்காவுக்கு "தீதி", தம்பிக்கு "பாய்", தங்கைக்கு "பஹினி". மரியாதைக்கு "தபாயீ", அது நம் "நீங்கள்". "திமி" என்பதை நெருங்கிப் பழகிய பிறகும் அவர்கள் சொன்னால் ஒழியச் சொல்லாதீர்கள். கிளம்பும் முன் புதுச்சேரி உணவகங்களில் வேலை செய்யும் நேபாளித் தம்பிகளிடம் நான்கு நாள் பேசிப் பழகினால் உச்சரிப்பு திருந்திவிடும். கடை கூட்டமில்லாத மூன்று மணி வாக்கில் போங்கள், இல்லையென்றால் முதலாளி முறைப்பார்.

அடுப்படி, வெந்நீர், எச்சில்

நேபாளத்துச் சாப்பாடு இரண்டு வேளை: காலை ஒன்பது, பத்து மணிக்குப் பருப்பும் சோறும் காய்கறியும், இரவு ஏழு மணி வாக்கில் மறுபடி அதுவே. நடுவில் டீயும் சிறுதீனியும். நம் ஆட்கள் எட்டு மணிக்கு டிபன் கேட்பார்கள், ஒரு மணிக்குச் சோறு கேட்பார்கள். கேட்டால் அந்த அம்மா மறுக்க மாட்டார், செய்து போடுவார். நான்கு மணிக்கு எழுந்து, ஒரே சிலிண்டரில், இரண்டு விதச் சமையல். மூன்றாம் நாள் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அவர்கள் நேரத்துக்கு நாம் மாறிக்கொள்வதுதான் சரி. ஏழு மணிக்கு டீயும் அவலும் போதும், பத்து மணிக்கு வயிறாரச் சாப்பிடலாம். பருப்பும் சோறும் மறுபடி மறுபடி பரிமாறுவார்கள். முதலில் கொஞ்சமாக வாங்கி, இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். சமைத்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. ஊரிலிருந்து எடுத்துப் போகிற பருப்புப் பொடி, எட்டுப் பேருக்குப் பத்து நாளைக்கு ஒரு கிலோ போதும். முதல் இரண்டு நாள் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள், அவர் சமையலை அவர் ருசியிலேயே சாப்பிடுங்கள்.

எச்சில் விஷயத்தில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அங்கேயும் அதே கணக்குத்தான். தண்ணீரைத் தூக்கிக் குடியுங்கள், சாப்பிட்ட கையைப் பொதுப் பாத்திரத்தில் போடாதீர்கள். அடுப்படிக்குள் போவதற்குக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சில வீடுகளில் வெளியாரை உள்ளே விட மாட்டார்கள்.

கேட்டு உள்ளே போய்விட்டால் பாத்திரம் தேய்க்கிறேன் என்று பிடுங்காதீர்கள். விருந்தாளியைத் தேய்க்க விட்டதாக அவருக்கு அவமானம். குழுவில் இருக்கும் அக்காமார் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம். பாஷை தேவைப்படாத வேலை. இரண்டாம் நாள் அந்த அம்மாவே முறத்தை எடுத்து இவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். மூன்றாம் நாள் மகளின் போட்டோவைப் போனில் காட்டுவார். ஆண்கள் மேடையில் பத்து நாளில் சம்பாதிக்காத பழக்கம் அடுப்படியில் மூன்று நாளில் வந்துவிடும்.

காலையும் மாலையும் குளிக்கிற கடலோரப் பழக்கம் அங்கே பெரிய பாரம். தண்ணீர் கீழிருந்து சுமந்து வர வேண்டியிருக்கும், வெந்நீருக்கு விறகு வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி, குளிர் காலமென்றால் இரண்டு நாளுக்கு ஒரு வாளி என்று பேசிக்கொள்ளுங்கள். சுமந்து வருகிற பையனோடு முறை போட்டு இரண்டு பேர் போய்த் தூக்குங்கள்; இதில் மட்டும் அவன் வேண்டாமென்றாலும் விடாதீர்கள்.

மலைக் கிராமங்களுக்குப் போகும்போது 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். "இன்றைக்கு இங்கே தங்கிவிடலாம்" என்று உள்ளூர் ஆள் சொன்னால் நிகழ்ச்சி நிரலைக் காட்டி வாதாடக் கூடாது. நம்மைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறவரும் அவரே.

என்ன பேசுவது

2015 ஏப்ரல் 25 நேபாளத்தில் மறக்க முடியாத நாள். 7.8 அளவு நிலநடுக்கம், மதியம் பன்னிரண்டுக்குச் சில நிமிடம் முன்பு. அன்று சனிக்கிழமை, சபைகளில் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். கூரை விழுந்து ஜெபித்துக்கொண்டிருந்தபடியே செத்தவர்கள் உண்டு. "உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம் கதையை முதலில் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினத்துக்கும் சிங்காரத்தோப்புக்கும் கடல் வந்ததை, 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை. மலையில் இருக்கிறவருக்குச் சுனாமி கேள்விப்பட்ட விஷயம், பார்த்தவரைப் பார்த்திருக்க மாட்டார். நாம் சொல்லி முடித்தால் அவராகச் சொல்வார். சொல்லாவிட்டாலும் குறையில்லை.

அந்தச் சுனாமியின்போது வந்து குவிந்த பழைய துணி மூட்டைகள் சாலையோரம் மழையில் நனைந்து கிடந்ததைக் கடலூர்க்காரர்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே நேபாளத்துக்குப் பழைய துணி எடுத்துப் போக வேண்டாம். வீட்டுக்கு அரைக் கிலோ பண்ருட்டி முந்திரி, காற்றுப் போகாமல் அடைத்த பாக்கெட்டில் கொண்டு போனால் உதவியாளர் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், கனமில்லை, கெடாது. கருவாடு வேண்டாம், ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும். புதுச்சேரி என்றதும் சிலருக்கு மதுப் பாட்டில் நினைவுக்கு வரும். நேபாளச் சபைகள் குடி, புகை இரண்டிலும் கறாரானவை. மாட்டிறைச்சிப் பேச்சும் வேண்டாம், அங்கே பசுவைக் கொல்வது குற்றம்.

குழுவில் வாலிபப் பிள்ளைகள் இருந்தால் ஒரு விதி கண்டிப்பாக வேண்டும். பெண் உதவியாளரோடு பெண்கள்தான் போன் நம்பர் பரிமாறிக்கொள்ள வேண்டும், ஆணோடு ஆண். அந்தப் பெண்ணின் பெயர் ஊரில் அடிபட்டால் நம்மால் அதைத் துடைக்க முடியாது.

போட்டோ

ஊர் திரும்பியதும் முதல் ஞாயிறு திரையில் போட்டோ போடுவது வழக்கம், அது யூடியூபில் நேரலையாகவும் போகும். உதவியாளர் முகம், ஊர்ப் பெயர், சபைப் பெயர் மூன்றும் ஒரே இடத்தில் வந்தால் அது அவருக்கு எதிரான ஆதாரமாகிவிடும். ஞானஸ்நானப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். நேரலையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள், கிராமப் பெயரைச் சொல்லாதீர்கள், சபைப் பத்திரிகையில் பின்னாலிருந்து எடுத்த படம் போதும். ஃபேஸ்புக்கில் அவர் பெயரை இணைக்கக் கூடாது. எந்தப் படமானாலும் அவருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான். அவர் பிள்ளைகளோடு நிற்கிற படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு அடுத்த குழுவிடம் கொடுத்தனுப்பினால் அது அவர் வீட்டுச் சுவரில் இருக்கும்.

உதவி கேட்டால்

ஐந்தாம், ஆறாம் நாள் வாக்கில் கேட்பார்கள். மகள் கல்லூரிக் கட்டணம், அம்மாவுக்கு ஆபரேஷன், தம்பிக்குச் சென்னையில் வேலை. கேட்பது தப்பில்லை, நாமும் கேட்போம். உருகிப்போய் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் தப்பு. பத்து நாள் பழக்கம் முறிவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில். குழு முழுவதும் ஒரே பதிலைப் பழகிக்கொள்ளுங்கள்: "நான் தனியாக முடிவு செய்ய முடியாது அண்ணே. ஊருக்குப் போய்க் கமிட்டியில் பேசி, முப்பது நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்கிறேன்." முப்பதாம் நாள் போன் செய்து சொல்லுங்கள், இல்லை என்பதாக இருந்தாலும். இல்லை என்ற பதிலை அவர் தாங்கிக்கொள்வார். பதிலே வராமல் நீலக் குறி மட்டும் விழுந்து கிடப்பதைத் தாங்க மாட்டார்.

பணம் அனுப்புவதானால் நம் வங்கிகளில் இந்தோ நேபாள் பணம் அனுப்பும் வசதி இருக்கிறது. நெஃப்ட் வழியாகப் போகும். கணக்கிலிருந்து ஒரு தடவைக்கு 2 லட்சம் ரூபாய் வரை. அவருக்கு நேபாள் எஸ்.பி.ஐ. வங்கியில் கணக்கு இருந்தால் நேரே ஏறும். படிப்புச் செலவென்றால் உள்ளூர்ச் சபைக் கமிட்டிக்குத் தெரிந்து, ரசீது வாங்கிக்கொண்டு. நம் சபை டிரஸ்ட் கணக்கிலிருந்து என்றால் ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது.

வைத்தியத்துக்கு ஜிப்மருக்கோ வேலூருக்கோ வரலாமா என்று கேட்டால் உடனே கிளம்பி வரச் சொல்லாதீர்கள். ரிப்போர்ட்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, சபையில் இருக்கும் டாக்டர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். காத்மாண்டுவிலேயே முடிகிற வைத்தியத்துக்கு மூன்று நாள் பயணம் செய்து வந்து, கோரிமேட்டில் அறை எடுத்து, பாஷை தெரியாமல் வரிசையில் நிற்க வைப்பது உதவி இல்லை.

திரும்பிய பிறகு

முதல் மாதம் வாரம் ஒரு குரல் செய்தி, ஒரு நிமிடத்துக்குள். பிறகு மாதம் ஒன்று. ஒரே ஆள் பொறுப்பாகப் பேச வேண்டும். பத்துப் பேரும் பேசினால் இரண்டாம் மாதம் ஒருவரும் பேச மாட்டார்கள். அவரை நம் சபை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். தினமும் நாற்பது தமிழ் வசனப் படங்கள் வந்து விழுந்தால் யார்தான் என்ன செய்வார். வருஷப் பிறப்பு இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வருவதால் அன்று கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கும். தசைன் பண்டிகை நாட்களில், அதாவது நம் நவராத்திரி சமயத்தில், கட்டாயம் பேசுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருந்தால் பெரியவர்கள் கையால் டிகா, அதாவது நெற்றியில் இடும் திலகம், வாங்காமல் நிற்கிற நாள் அது, நெருக்கடி அதிகம். புத்திமதி வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

ஒரு முறையாவது அவரைக் கடலூருக்கு அழையுங்கள். எப்போதும் நாம் விருந்தாளி, அவர் வேலைக்காரர் என்றிருந்தால் அது ஒருகை ஓசைதான். நேபாளக் குடிமக்களுக்கு இந்தியா வர விசா வேண்டாம். விமானத்தில் வருவதென்றால் பாஸ்போர்ட் அல்லது நேபாளக் குடியுரிமைச் சான்று கையில் இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரிதான் தோது. மே மாத வெயிலில் மலைக்காரர் சுருண்டுவிடுவார், நவம்பர், டிசம்பரில் நம் மழையும் புயலும். வந்ததும் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு வீட்டில் தங்கட்டும், நாம் அவருக்கு மொழிபெயர்ப்போம், நாம் சோறு போடுவோம். மீன் குழம்பு வைத்தால் வஞ்சிரத் துண்டாகப் போடுங்கள். கவலை, மத்தி கொடுத்தால் முள் எடுக்கத் தெரியாமல் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் தடவை கடலைப் பார்க்கிறவருக்கு அலை உள்ளே இழுக்கும் என்று தெரியாது, முழங்காலுக்கு மேல் போகவே விடாதீர்கள்.

வர டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் டிக்கெட்டையும் பதிவு செய்துவிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, சென்னையிலிருந்து கோரக்பூர் போகும் வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். இரண்டு இரவுப் பயணத்துக்குக் கட்டுச்சோறும், கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ் சார்ஜும் தனியாக ஒரு கவரில் வைத்துக் கொடுங்கள்.